ப்ளூடூத்தில் கூவும் கவுதாரி

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நான் சைவம் கிடையாது. ஞாயித்துக்கிழமை காலைல கறிக்கடை வரிசையில பையோட நிக்கிற ஆளுதான். அதனால "ஆட்டைத் தின்னுட்டு கவுதாரிக்குக் கண்ணீர் விடுறியா"ன்னு பின்னூட்டம் தட்ட ஆரம்பிச்ச நண்பர்கள் அப்படியே பேக்ஸ்பேஸை அழுத்தவும். அந்தச் சண்டையை வேற ஒரு நாள் போடலாம். இன்னைக்கு நான் கேக்கப் போறது வேற.

விஷயம் இதுதான். எங்க கீரமங்கலம் சுத்துப்பட்டுல கொஞ்ச நாளா ஒரு புது வேட்டை கிளம்பியிருக்கு. விடியக்காலம் அஞ்சரை மணிக்கு பைக்ல ரெண்டு பேரு. கையில துப்பாக்கி கிடையாது, நாய் கிடையாது, கவட்டைகூட கிடையாது. ஒரு டம்ளர் சைஸுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர், ஒரு போன், ஒரு சுருள் வலை. கருவைப் புதர் ஓரமா ஸ்பீக்கரை வெச்சு, சுத்தி கண்ணியைப் பரப்பிட்டு, இருபது முப்பது அடி தள்ளிப் போய் உக்காந்துக்கிட்டு போன்ல ப்ளே பட்டனை அழுத்துறாங்க. கவுதாரி கூவுது. அஞ்சு நிமிஷத்துல நெசக் கவுதாரி ஓடி வருது. முடிஞ்சது கதை. காபி ஆறுறதுக்குள்ள வேட்டை.

இதைச் செய்யுற தம்பிகள்ல ஒருத்தன் எனக்குத் தெரிஞ்ச பையன்தான். பேரு வேண்டாம். "யார்றா சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டேன். "அமெரிக்காக்காரன்தாண்ணே. யூட்யூப்ல இருக்கு. கொயோட்டி வேட்டைன்னு போட்டுப் பாருங்க"ன்னான். போட்டுப் பார்த்தேன். ஒத்துக்கணும், பார்க்கப் பிரமாதமாத்தான் இருக்கு. கொயோட்டின்னா நம்ம நரிக்குப் பெரியப்பா மகன் மாதிரி ஒண்ணு. அதைக் கூப்பிட அங்க தனி மெஷினே விக்கிறாங்க. உள்ள நூத்துக்கணக்குல சத்தம். முயல் அடிபட்டுக் கதறுற சத்தம், கொயோட்டிக் குட்டி அழுவுற சத்தம், ஆண் ஊளை, பெண் ஊளை. தூரத்துல இருந்தே ரிமோட்ல மாத்திக்கலாம். பக்கத்துலயே குச்சியில ஒரு ரோமக் குஞ்சம் சுத்திக்கிட்டே இருக்கும், கொயோட்டி அதை முயல்னு நினைச்சுக்கும். வேட்டைக்காரர் காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்த்து உக்காரணும், ஏன்னா கொயோட்டி நேரா வராது. சுத்திக்கிட்டு, மோப்பம் கிடைக்கிற பக்கமாத்தான் வரும். ஒரு இடத்துல கால் மணி, இருபது நிமிஷம். வரலைன்னா அடுத்த இடம். ஒரு தடவை தப்பிச்ச கொயோட்டி அந்தச் சத்தத்துக்கு மறுபடி லேசுல ஏமாறாதாம். அதனால வேட்டைக்காரரும் புதுப்புது சத்தமா தேடிக்கிட்டே இருக்காரு. கத்துக்க நிறைய இருக்கு, இல்லைன்னு சொல்லலை.

ஆனா மக்களே, அந்த வீடியோவுல சொல்லாத ஒரு சங்கதி இருக்கு. கொயோட்டி அமெரிக்காவுல அழிஞ்சுக்கிட்டு வர்ற பிராணி இல்லை. ஓநாயை எல்லாம் ஒழிச்சுக் கட்டினதும் அது இருந்த இடத்தைப் பிடிச்சு, மேற்குச் சமவெளியில இருந்து அட்லாண்டிக் கரை வரைக்கும் பரவிடுச்சு. அந்த நாட்டு வேளாண்துறையே வருஷா வருஷம் பல்லாயிரக் கணக்குல கொல்லுது. அப்பவும் குறையலை. கூட்டத்துல நாலைக் கொன்னா, மிச்சம் இருக்கிறது அதிகக் குட்டி போடுதுன்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. அங்கேயும் இதுக்கு எதிர்ப்பு உண்டு. யாரு அதிகமா கொயோட்டி கொல்றாங்கன்னு போட்டி வெச்சுப் பரிசு குடுக்குறதை கலிஃபோர்னியா 2014-ல தடை பண்ணிடுச்சு.

இன்னொண்ணு. அதே அமெரிக்காவுல வாத்து, புறா மாதிரி வலசைப் பறவைகளை வேட்டையாட லைசென்ஸ் உண்டு, சீசன் உண்டு, ஆனா பதிவு பண்ணின சத்தத்தை மெஷின்ல போட்டுக் கூப்பிடக்கூடாதுன்னு மத்திய அரசு விதியே இருக்கு. அளவுக்கு மீறிப் பெருகிப்போன பனி வாத்து மாதிரி சிலதுக்குத் தனியா விலக்கு. வாயால கூப்பிடு, ஊதல்ல ஊது, மெஷினைத் தொடாதே. ஐரோப்பாவுல 1979-ல போட்ட பறவைச் சட்டத்துல, தடை செஞ்ச வேட்டை முறைகள் பட்டியல்ல பிசின் குச்சி, கண்ணி, வலையோட சேர்த்து டேப் ரிக்கார்டரையும் பேர் சொல்லியே போட்டிருக்கான். 1979! நம்ம ஊர்ல ரேடியோ பொட்டி வெச்சிருந்தவரே பணக்காரர். அப்பவே அவனுக்குப் புரிஞ்சிருக்கு, இந்தப் பொட்டி சாதாரணப் பொட்டி இல்லைன்னு. அப்படியும் சைப்ரஸ் தீவுல ராத்திரி பூரா ஸ்பீக்கர் போட்டு, வலை கட்டி, சின்னச் சின்னப் பாடும் பறவைங்களைக் கொத்துக் கொத்தாப் பிடிச்சு ஓட்டல்ல விக்கிற கூத்து நடக்கத்தான் செய்யுது. அம்பெலொபூலியான்னு அந்த டிஷ்ஷுக்குப் பேரு. அங்க பறவை ஆர்வலர்கள் இதோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டுறாங்க.

ஆக, வேட்டையைக் கொண்டாடுற நாட்டுக்காரனே பறவை விஷயத்துல வேண்டாம்னு வெச்சதை, வேட்டையே சட்டப்படி கிடையாதுங்கிற நாட்டுல நம்ம பயலுவ இறக்குமதி பண்ணியிருக்கானுவ. நல்லா இருக்குய்யா.

சரி, ஏன் அந்தப் பொட்டி சாதாரணமில்லைன்னு சொல்றேன்? கவுதாரி ஏன் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. கொயோட்டி முயல் சத்தத்துக்கு வர்றது பசியில. கவுதாரி வர்றது பசியில இல்லை. ஒரு சேவல், ஒரு பொட்டை, அவங்களுக்குன்னு கொஞ்சம் இடம். அதுக்குள்ள இன்னொரு சேவல் கூவினா, "எவன்டா அவன் என் கொல்லையில"ன்னு சண்டைக்கு வருது. பாதி ராத்திரியில நம்ம வீட்டுக் கொல்லைப்பக்கம் ஆள் சத்தம் கேட்டா கதவைத் திறந்துக்கிட்டு ஓடுவோமே, அதேதான். வீட்டைக் காக்க ஓடி வர்றவனைப் பிடிக்கிறதுக்கு இந்த மெஷின்.

முட்டை வைக்கிற காலம் பெரும்பாலும் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும். அப்பத்தான் அது ரொம்ப ரோஷமா கூவும். அப்பத்தான் ஸ்பீக்கருக்கும் நல்லா வரும். அதாவது, எந்த நேரத்துல பிடிக்கவே கூடாதோ அந்த நேரத்துலதான் இந்த வேட்டை நல்லா ஓடும். தரையில சும்மா ஒரு பள்ளம் பறிச்சு ஆறு எட்டு முட்டை வெச்சிருக்கும். சேவல் போச்சுன்னா கதை அதோட முடியலை. காலியான இடத்துக்கு ரெண்டு நாள்ல பக்கத்துக் காட்டுச் சேவல் வரும். அதே புதரு, அதே ஸ்பீக்கரு. அதுவும் போகும். அப்புறம் அதுக்கடுத்தது. ஒரே புதர்ல உக்காந்து சுத்துவட்டாரத்தையே உறிஞ்சி எடுத்துடலாம். "அண்ணே, அந்த எடத்துல வந்துக்கிட்டே இருக்குண்ணே, குறையவே இல்ல"ன்னு அந்தத் தம்பி சந்தோஷமா சொன்னான். குறையலைடா, நாலா பக்கமும் காலியாகி உன் புதருக்கு வருதுடா.

எங்க கொல்லைக்குத் தெக்கால முந்திரிக் காடு இருக்கு. நாலு பக்கமும் கூவும், காலைல அலாரமே வேண்டாம். இந்த வைகாசியில நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒண்ணே ஒண்ணு. அதுவும் பத்து நாளைக்கு அப்புறம் இல்லை.

இதுக்குப் பதில் சொல்ல நம்ம ஆளுங்ககிட்ட ரெடிமேடா ஒரு வார்த்தை இருக்கு. பாரம்பரியம். "கவுதாரி பிடிக்கிறது நம்ம தாத்தன் காலத்து வித்தை, சங்க காலத்துலயே இருக்கு"ன்னு. இருக்கு, இல்லைன்னு யார் சொன்னா? மிருகத்தைக் காட்டி மிருகத்தைப் பிடிக்கிறதுக்குத் தமிழ்ல அழகான ஒரு சொல்லே இருக்கு. 'பார்வை'. பழக்கின மானை நிறுத்தி மான் பிடிக்கிறது, பழக்கின கவுதாரியைக் கூண்டுல வெச்சு கவுதாரி பிடிக்கிறது, எல்லாம் பார்வைதான். எங்க அய்யா காலத்துல பார்வைக் கவுதாரி வளத்தவங்க ஊருக்கு ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தாங்க. குஞ்சுல இருந்து எடுத்து, கரையான் பொறுக்கிப் போட்டு, தோள்ல கூண்டைத் தொங்கவிட்டுக்கிட்டுத் திரிவாங்க. ஒண்ணைப் பழக்க வருஷம் ஆகும். பழகினதும் சில நாள் கூவும், சில நாள் மூடு சரியில்லைன்னு கம்முன்னு இருக்கும். பூனை தூக்கிட்டுப் போயிட்டா போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். இந்தச் சிரமம் இருக்கே, அதுதான் கவுதாரியைக் காப்பாத்திச்சு. வேட்டைக்காரரோட நல்ல மனசு இல்லை. அவரும் கிடைச்சா பத்தும் பிடிச்சிருப்பாரு. ஆனா கிடைக்காது.

வித்தைன்னா அதுக்குள்ளயே ஒரு தடை இருக்கும். மெமரி கார்டுக்கு மூடு கிடையாது, பூனை தூக்காது, தொண்டை கட்டாது, ஒரு பையன்கிட்ட இருந்து அம்பது பையனுக்கு ஒரு நிமிஷத்துல ஃபார்வேர்ட் ஆகும். பாரம்பரியத்துல இருந்து தடையை உருவிப் போட்டுட்டு சாவை மட்டும் வெச்சுக்கிட்டு, அதையும் பாரம்பரியம்னே சொன்னா எப்படி?

நரிக்குறவர் விஷயத்துக்கு வர்றேன். நெசமாவே வாயால விலங்கைக் கூப்பிடத் தெரிஞ்ச ஆளுங்க அவங்க. நரி மாதிரி ஊளையிட்டு நரியை வரவழைக்கிறதுல அவங்களை அடிச்சுக்க ஆள் இல்லைன்னு எங்க ஊர்ப் பெருசுக எல்லாம் சொல்லும். 1909-ல வந்த தர்ஸ்டனோட புத்தகத்துலயே குருவிக்காரர்கள் நரி பிடிக்கிறது பதிவாகி இருக்கு. ஊர்ஊரா அலைஞ்சு, பட்டினி கிடந்து, தலைமுறை தலைமுறையா கத்துக்கிட்டது. அந்த வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டமும் அதுக்கப்புறம் 1991-ல வந்த திருத்தமும் மூடிடுச்சு. மாத்து வழி என்ன குடுத்தோம்? பாசிமணி, ஊசி. பழங்குடிப் பட்டியல்ல சேக்குற சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேற 2022 டிசம்பர் வரைக்கும் ஆச்சு.

இப்பவும் காட்டோரம் ஒரு நரிக்குறவர் பையோட நடந்தா நம்ம ஊர்ல என்ன நடக்கும்? பையைக் கொட்டிப் பார்ப்பாங்க. பல்சர்ல ஸ்பீக்கரோட போற நம்ம வீட்டுப் பையனை நிறுத்துவாங்களா? அவன் "ட்ரிப்" போறான். வித்தை தெரிஞ்சவன் குற்றவாளி, பட்டன் அழுத்தத் தெரிஞ்சவன் இயற்கை ஆர்வலன். எனக்கு இந்த மொத்த விவகாரத்துலயும் அதிகமா எரியுறது இந்த இடம்தான். அதுக்காக நரிக்குறவர் செய்யுறதெல்லாம் சரின்னு நான் சொல்லலை. 2021-ல திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள்ள வெடியை வெச்சு ஒரு நரியைக் கொன்ன வழக்குல பன்னெண்டு பேர் கைதானாங்க. வாயில வெடிக்கிற மாதிரி வெச்சுக் கொல்றது யார் செஞ்சாலும் கொடூரம்தான். நான் கேக்குறது, அதே சட்டம் எல்லார் மேலயும் விழுதான்னு மட்டும்தான்.

சட்டம்னதும் ஞாபகம் வருது. அந்தத் தம்பி "மாட்டினா ஃபைன் கட்டிட்டு வந்துரலாம்ணே"ன்னான். தம்பி, உனக்காகவே டைப் பண்றேன், நிதானமாப் படி. 2022-ல சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1-ல இருந்து அமல்ல இருக்கு. கவுதாரி அட்டவணை 2. அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லேன்னா லட்ச ரூபா வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். உன் கார்டுல அடுத்த ஃபோல்டர்ல நரி ஊளை வெச்சிருக்கியே, அந்த நரி இப்ப அட்டவணை 1, புலி, யானையோட சேர்த்தி. அதுக்கு மூணு வருஷத்துக்குக் குறையவே குறையாது, ஏழு வரைக்கும் போகலாம், அபராதமும் இருபத்தஞ்சாயிரத்துக்குக் குறையாது. "நான் ஒண்ணும் பிடிக்கலையே, சும்மா சத்தம்தானே போட்டேன்"னு சொல்ல முடியாது. வேட்டைங்கிற வார்த்தைக்குச் சட்டத்துல குடுத்திருக்கிற அர்த்தத்துல முயற்சி பண்ணுறதும் வேட்டைதான். அப்புறம் முக்கியமான மேட்டர், குற்றத்துக்குப் பயன்படுத்தினதாப் பறிமுதல் ஆகுற வண்டி அரசாங்கத்துக்குப் போயிடலாம். உன் பைக்குக்கு இன்னும் எத்தனை ட்யூ பாக்கி இருக்கு?

இப்ப நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வர்றேன். கேமராவோட திரியுற பறவை நண்பர்கள் இவ்வளவு நேரம் தலையாட்டிக்கிட்டே படிச்சிருப்பீங்க. கொஞ்சம் நில்லுங்க. அந்தக் குரலைப் பதிவு பண்ணி நெட்ல போட்டது யாரு? வேட்டைக்காரனா? இல்லை, நாமதான். ஸெனோ-கான்டோன்னு 2005-ல ஆரம்பிச்ச ஒரு தளம், உலகத்துப் பறவைக் குரல் எல்லாம் அங்க கிடைக்கும். அருமையான வேலை, அதுல எனக்கு சந்தேகமே இல்லை. வேட்டையிலயும் தொந்தரவுலயும் மாட்டிக்கிட்டு இருக்கிற சில பறவைகளோட பதிவுகளை அவங்களே பொதுவுல கேக்க முடியாம பூட்டி வெச்சிருக்காங்க. அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. ஆனா நம்ம ஆளு என்ன பண்றாரு? லென்ஸைத் தூக்கிக்கிட்டுப் போயி, பறவை கிளைக்குள்ள இருந்து வெளிய வரலைன்னா, பாக்கெட்ல இருந்து போனை எடுத்து அதே குரலைப் போடுறாரு. "ப்ளேபேக்"னு பேரு. பறவை பதறிக்கிட்டு வெளிய வருது, க்ளிக், லைக். பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு வேடிக்கை பார்த்த பையன் அன்னைக்கே கத்துக்கிட்டான். அவனுக்கு அமெரிக்கா வீடியோகூடத் தேவைப்பட்டிருக்காது.

நரி எண்ணிக்கையைக் கணக்கெடுக்க ஐரோப்பாவுல ஊளையைப் போட்டு, பதில் ஊளையை எண்ணுறாங்க. அதுக்கு ஒரு காரணம் இருக்கு, ஒரு அளவும் இருக்கு. ஃபேஸ்புக் போட்டோவுக்கு என்ன காரணம்? முட்டைல உக்காந்திருக்கிற ஜோடியை இருபது தடவை "எதிரி வந்துட்டான்"னு பயமுறுத்துறதும் கிண்டல் இல்லை சாமி. கண்ணி இல்லைங்கிறதுதான் ஒரே வித்தியாசம். அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கலை. ஆனா அதை வெச்சுக்கிட்டு அந்தப் பயலுக்கு பிரசங்கம் பண்ற தகுதி வராது.

விவசாயி கட்சிக்கும் ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா நானும் அந்தக் கட்சிதான். மயில் கடலைக் கொல்லையை என்ன பாடு படுத்துதுன்னு எங்களுக்குத் தெரியும். கஜா புயல் 2018 நவம்பர்ல எங்க பக்கத் தென்னையை எல்லாம் அடிச்சுப் போட்டுட்டுப் போனப்புறம் ஒவ்வொரு வெள்ளாமையும் எப்படி எழுந்து வந்துச்சுன்னு தெரியும். வெங்காய வண்டிக்காரர் கட்டுவாரே ரெக்கார்டு பண்ணுற குழாய் மைக்கு, அதை நாங்களும் வாங்கி, "ஏய்... ஓடு... ஹோய்"னு கத்தி ரெக்கார்டு பண்ணி, மூங்கில்ல கட்டி, ராப்பகலா ஓடவிட்டோம். மூணு நாள் மயில் ஓடுச்சு. நாலாம் நாள் மைக்குக்கு அடியிலயே நின்னு மேஞ்சுச்சு :-). இதுக்கு அரசாங்கம் வழி சொல்லணும், நட்டஈடு ஒழுங்கா வரணும், அதுக்கு நான் எந்தப் பதிவுலயும் கையெழுத்துப் போடத் தயார். ஆனா கவுதாரி மேல அந்தப் பழியைப் போடாதீங்க. அது தின்னுறதுல பாதி கரையான், பூச்சி, களை விதை. நரி மேலயும் போடாதீங்க. எலியையும் நண்டையும் தின்னுக்கிட்டு, தரையில இருக்கிற மயில் முட்டையையும் தின்னுக்கிட்டு இருந்த பிராணி அது. அதை இங்க இருந்து துரத்திட்டு மயில் பெருகிடுச்சுன்னு அழுதா யாரைப் போய்க் கேக்குறது?

"ஸ்பீக்கரால மட்டுமா கவுதாரி அழியுது, தைல மரம் நட்டு கருவைக் காட்டையும் ஈச்சம் புதரையும் அழிச்சாங்களே, அதைக் கேட்டியா"ன்னு ஒரு நண்பர் போன்ல சண்டைக்கு வந்தாரு. நியாயமான கேள்வி. புதுக்கோட்டை மாவட்டத்துல கண்ணுக்கு எட்டுன தூரம் வரிசையா நிக்கிற தைல மரத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், அடியில புல்லுகூட ஒழுங்கா முளைக்காது. கவுதாரிக்கு ஒளிய இடம் வேணும், பொறுக்க இடம் வேணும், ரெண்டும் அங்க கிடையாது. பெரிய எதிரி அதுதான். ஆனா அதனாலதான் மிச்சமிருக்கிற நாலு புதர் இவ்வளவு முக்கியம்னு நான் சொல்றேன். அவரு அதனாலதான் ஸ்பீக்கரு சின்ன விஷயம்னு சொல்றாரு. வீடு பத்தி எரியுறப்ப மிச்சமிருக்கிற ஒரே பானையையும் எவனோ தூக்கிட்டுப் போறான், விடு, சின்னத் திருட்டுதானேன்னா விட முடியுமா?

நம்மால முடியவே முடியாதுன்னும் சொல்லாதீங்க. எங்களுக்குப் பக்கத்து ஜில்லா சிவகங்கையில வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கு, 1977-ல அறிவிச்சது. அதை ஒட்டின கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக்காக தீபாவளிக்கு வெடியே வெடிக்கிறதில்லை. தலைமுறையா. புது வேட்டி எடுத்துக் குடுத்த அப்பன்கிட்ட சரவெடி கேக்காத பசங்க அந்த ஊர்ல வளர்றாங்க. ஒரு ஊரு பூரா சத்தத்தை அடக்குது. நமக்கு ஒரு ஸ்பீக்கரை ஆஃப் பண்ண முடியாதா?

பதிவர் நண்பர்கள்கிட்ட ரெண்டே ரெண்டு கோரிக்கை. கிராமத்து நினைவுகள் எழுதுறப்ப கவுதாரி வறுவலுக்கு நாலு பாரா எழுதுறீங்க, சந்தோஷம், படிக்க நல்லா இருக்கு. கீழேயே "இப்பவும் இப்படிப் பிடிக்கிறாங்க"ன்னு வீடியோ லிங்க்கும் ஆப் பேரும் குடுக்காதீங்க. நாக்கு ஊறினா கடையில நந்தனம் காடை கிடைக்குது, பண்ணையில வளர்த்தது, சட்டப்படியானது. "அது டேஸ்ட்டு வேறண்ணே"ன்னு சொல்றவங்களுக்கு, மிளகை ஒரு ஸ்பூன் கூடப் போட்டு வறுக்கவும். ரெண்டாவது, பறவைப் படம் போடுற நண்பர்கள் படத்துக்குக் கீழ ப்ளேபேக் போட்டு எடுத்ததா இல்லையான்னு ஒரு வரி சேர்த்துப் போடுங்க. எக்ஸிஃப் எல்லாம் போடுறீங்களே, ஷட்டர் ஸ்பீடு, ஐ.எஸ்.ஓ., அதோட இதையும்.

அந்தத் தம்பி இதைப் படிச்சுட்டு வாட்ஸப்ல ஒரு ஆடியோ அனுப்பிச்சிருக்கான். "அண்ணே, கவுதாரி ஃபைலை அழிச்சுட்டேன். நரி ஃபைல் மட்டும் இருக்கட்டும்ணே, சும்மா கேக்குறதுக்கு. எங்க அப்பத்தா நரி ஊளையைக் கேட்டு இருவது வருஷம் ஆச்சாம்." நரி ஃபைலை வெச்சுக்கடா. வாசல்ல கட்டில் போட்டு அப்பத்தாவை உக்கார வெச்சு, வீட்டுக்குள்ள மட்டும் போட்டுக் காட்டு. காட்டுப் பக்கம் எடுத்துட்டுப் போகாதே.

பி.கு: அனானி பின்னூட்டங்கள் திறந்தே இருக்கு. திட்டணும்னா திட்டலாம், வீட்டாளுங்களை இழுக்க வேண்டாம்.